சாதுவாக இருந்த அப்பா இப்போது அம்மாவைச் சந்தேகப்படுகிறார். இதுதான் அவருடைய உண்மையான குணமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 76 வயது. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெரம்பூரில் அம்மாவோடும் அண்ணன் குடும்பத்தோடும் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன்னால் அல்சைமர் என்ற மறதி நோய் என்று சொன்னார்கள். வீட்டில் யாரையும் அதட்டிக்கூடப் பேசாத மனிதர், இந்த எட்டு மாதமாக அம்மாவைப் பார்த்து "யாரு வந்துட்டுப் போனது?" என்று கேட்கிறார். பென்ஷன் பணத்தை அண்ணி எடுத்துவிட்டதாகச் சொல்கிறார். காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகள் வருகின்றன. பத்து நாளாக இன்னும் மோசம்: பகலில் சாய்ந்த இடத்திலேயே தூங்கிப்போகிறார், ராத்திரி எழுந்து கத்துகிறார். கோபத்தைக் குறைக்க மாத்திரை இருக்கிறதா என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: "அம்பது வருஷமா மனசுல வச்சிருந்ததுதான் இப்ப வெளியே வருதுன்னு அம்மா அழறாங்க." உங்களை எழுத வைத்தது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. மனநல சமூகப் பணியாளர். சென்னையில் முதியோர்களுக்கான மனநலப் பிரிவில் பல வருடங்களாக இருக்கிறேன். பாதி வேலை வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது, மீதி வேலை குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசுவது. எந்த மருந்து, எவ்வளவு என்று நான் சொல்லக் கூடாது. நேரில் பார்க்காத ஒருவருக்கு என்ன நோய் என்று எழுத்தை வைத்து முடிவு கட்டவும் முடியாது. எங்கே நிச்சயமாகச் சொல்கிறேன், எங்கே ஊகமாகச் சொல்கிறேன் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

அவசரமான விஷயம் அந்தப் பத்து நாள்தான். அல்சைமர் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் நகரும் நோய். சில நாளுக்குள் ஒருவர் தலைகீழாக மாறினால், பகல் முழுக்க மந்தமாகக் கிடந்து ராத்திரி பதறினால், அதை அல்சைமரின் கணக்கில் எழுதக் கூடாது. ஏற்கனவே பலவீனமான மூளையின் மேல் உடம்பிலிருந்து வேறு ஏதோ ஒன்று வந்து ஏறியிருக்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். டெலீரியம் என்பார்கள். மூத்திரப் பாதையில் தொற்று, நெஞ்சுச் சளி, பல நாள் மலச்சிக்கல், மூத்திரம் அடைத்துக்கொள்வது, சோடியம் குறைவது, சர்க்கரை இறங்குவது, எங்கேயாவது வலி, யாரும் பார்க்காதபோது விழுந்து தலையில் அடி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தாலும் ஜுரம் வராமல் போகலாம். அதனால் "உடம்பு சுடலையே" என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்திலேயே இரண்டு துப்பு இருக்கிறது. சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையை இரண்டு வாரமாகக் கொடுக்கிறீர்கள். அந்த வகை மாத்திரைகள் பலவற்றில் குளோர்ஃபெனிரமின் போன்ற மருந்து இருக்கும். சின்ன வயதுக்காரர்களுக்குத் தூக்கம் வரும், அவ்வளவுதான். ஞாபகத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை அது மட்டுப்படுத்துகிறது. அல்சைமரில் ஏற்கனவே குறைந்து கிடப்பதும் அதேதான். அல்சைமருக்காக அவர் சாப்பிடுவது டோனெபெசில் என்றால், அந்த மாத்திரை ஏற்றப் பார்ப்பதைச் சளி மாத்திரை இறக்கிக்கொண்டிருக்கும். இரண்டாவது, பாத்ரூம் போகவேண்டி வரும் என்று அப்பா தண்ணீரே குடிப்பதில்லை என்கிறீர்கள். சென்னை வெயிலில் அது ஆபத்து. பி.பி. மாத்திரையில் நீர் பிரியும் மருந்தும் சேர்ந்திருந்தால் சோடியம் இறங்குவது சாதாரணமாக நடக்கும். ஆகவே அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளாமல், இன்றோ நாளையோ கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்; சித்த மருந்து, சூரணம் இருந்தால் அதையும். ரத்தத்தில் உப்புச்சத்து, சர்க்கரை, சிறுநீரகம், ரத்த அணுக்கள், அப்புறம் மூத்திரப் பரிசோதனை, இவ்வளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். "பத்து நாள் முன்னால வரைக்கும் இப்படி இல்லை" என்ற வாக்கியத்தை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். "அவருக்கு அல்சைமர்" என்று ஆரம்பித்தால் எல்லாமே அந்தப் பெயருக்குள் போய்விடும்.

இனி அந்த எட்டு மாதம், அம்மாவின் கேள்வி.

இதில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது இது. பணம் காணாமல் போகிறது, துணை துரோகம் செய்கிறது, இது என் வீடு இல்லை: இந்த மூன்று குற்றச்சாட்டும் அல்சைமரில் திரும்பத் திரும்ப வருபவை. அயனாவரத்தில் ஒண்டுக்குடித்தன வீட்டில் கேட்டதையே அடையாறில் பெரிய பங்களாவிலும் கேட்டிருக்கிறேன், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில். அத்தனை பேரும் ஐம்பது வருடம் ஒரே சந்தேகத்தை மனதில் பூட்டி வைத்திருக்க வாய்ப்பில்லை. இன்னும் பின்னால் போனால், 1901இல் ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அலோய்ஸ் அல்சைமர் பார்த்த அகுஸ்டே டீட்டர் என்ற பெண்மணிதான் இந்த நோய்க்குப் பெயர் வரக் காரணம். அவருக்கு அப்போது 51 வயது. அவரிடம் முதலில் தெரிந்த அறிகுறியாக அல்சைமர் குறித்து வைத்தது மறதியை அல்ல, கணவன் மேல் வந்த சந்தேகத்தை. முடிந்தால் இதை அம்மாவிடம் சொல்லுங்கள். தனக்கு மட்டும் நேர்ந்த அவமானம் இல்லை என்று தெரிந்தாலே சிலருக்கு மூச்சு கொஞ்சம் இறங்கும்.

இது எப்படி நடக்கிறது என்பதும் ஓரளவு தெரிந்ததுதான். அப்பா பென்ஷன் பணத்தை எடுத்துத் தலையணை உறைக்குள் வைக்கிறார். வைத்த நினைவு பதிவதே இல்லை, அதனால் மறந்துவிட்டோம் என்பதும் அவருக்குத் தெரியாது. தேடும்போது பணம் இல்லை. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதற்கு ஒரே விளக்கம்தான் இருக்க முடியும்: யாரோ எடுத்துவிட்டார்கள். வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் அந்த யாரோ. அதனால்தான் அதிகம் பார்த்துக்கொள்கிறவர்கள் மேலேயே அதிகப் பழி விழுகிறது. வாரத்துக்கு ஒருமுறை ஆப்பிளோடு வந்து போகிறவர் நல்லவராகிவிடுகிறார். அண்ணியிடம் இதை யாராவது சொன்னீர்களா? சந்தேகத்தை எடைபோட்டு, "சேச்சே, அவளா" என்று தள்ளிவிடும் வேலையைச் செய்வது மூளையின் முன்பகுதி. நோய் அங்கேயும் பரவும்போது, எல்லாருக்கும் ஒரு நொடி வந்து போகிற எண்ணம் இவருக்குப் போகாமல் நின்றுவிடுகிறது.

கெட்ட வார்த்தைக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. யோசித்துச் சொல்கிற பேச்சு தேய்ந்த பிறகும், தானாக வாயில் வருகிற பேச்சு நிற்கும்: எண்ணுவது, சுலோகம், பாட்டு, அப்புறம் வசவு. உங்கள் அப்பா வாழ்க்கையில் பாதியைத் தொழிற்சாலையில் கழித்தவர். தான் சொல்லாவிட்டாலும் அந்த வார்த்தைகளைக் காதில் கேட்டிருப்பார். நாக்கு நுனிக்கு வருவதை நிறுத்தி வைக்க இன்று உள்ளே ஆள் இல்லை.

இப்போது சந்தேகமான பகுதி. பழைய சுபாவம் கொஞ்சமும் கலப்பதில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. முன்பே பதற்றப்படுகிறவர் டிமென்ஷியாவில் (அல்சைமர் போன்ற மறதி நோய்களுக்கான பொதுப் பெயர்) கூடுதலாகப் பதறுவதை நாங்கள் பார்க்கிறோம். ஆராய்ச்சி முடிவுகளோ ஒன்றுபோல் இல்லை. கல்யாணமான புதிதில் எப்போதாவது ஒரு சின்னப் பொறாமை இருந்திருக்கலாம், யாருக்குத்தான் இல்லை. ஆனால் இன்று அவர் சொல்வதை வைத்து அன்றைய மனதைப் படிப்பதற்கு வழியே இல்லை. ஐம்பது வருடம் பக்கத்தில் இருந்து அம்மா கண்ணால் பார்த்த மனிதர்தான் சாட்சி. எட்டு மாதப் பேச்சை நம்பி அந்தச் சாட்சியை அம்மா தள்ளுபடி செய்ய வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒன்றை நீங்கள் இன்னும் விசாரிக்கவில்லை என்று தோன்றுகிறது. "யாரு வந்துட்டுப் போனது?" என்று கேட்கிறாரே, அவர் உண்மையிலேயே யாரையாவது பார்க்கிறாரா? அமைதியாக இருக்கும் நேரத்தில், "வந்தவர் எப்படி இருந்தாரு, எங்க நின்னாரு?" என்று சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். வில்லிவாக்கத்தில் ஒரு வீட்டில் தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்குச் சண்டை ஆரம்பிக்கும். கணவர் கைத்தடியை ஓங்கிக்கொண்டு ஹாலில் நிற்பார், "அந்த ஆளைப் போகச் சொல்லு" என்று. அந்த நேரத்தில் அங்கே போய் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். எதிரே பால்கனியின் கண்ணாடிக் கதவு. வெளியே இருட்டி, உள்ளே டியூப்லைட் போட்டதும் அதில் வேட்டி கட்டிய ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவருடைய பிம்பம்தான். விளக்குப் போடும் முன்பே திரையை இழுத்து மூடினார்கள். சந்தேகம் முழுசாகப் போகவில்லை, ஆனால் அந்த ஆறரை மணிச் சண்டை நின்றது. உங்கள் வீட்டில் டி.வி., ஷோகேஸ், பீரோ கண்ணாடி எல்லாவற்றையும் அவர் உட்காருமிடத்திலிருந்து பாருங்கள். கண்புரை இருக்கிறதா, காது சரியாகக் கேட்கிறதா என்பதையும் பாருங்கள். காது மந்தமான ஒருவருக்கு, அடுத்த அறையில் அம்மா உங்களோடு போனில் பேசுவது ரகசியம் பேசுவதாகத்தான் தெரியும்.

கண்ணாடி எதுவும் இல்லாமலே ஆட்களோ குழந்தைகளோ தெளிவாகத் தெரிகிறார்கள், தூக்கத்தில் கை கால் வீசுகிறார், நடை இறுகியிருக்கிறது, ஒரு நாள் தெளிவு ஒரு நாள் குழப்பம் என்றிருந்தால், அல்சைமர் அல்லாத லூயி பாடி டிமென்ஷியாவோ என்று டாக்டர் யோசிக்க வேண்டியிருக்கும். அதைத் தவறாமல் சொல்லுங்கள். ஏனென்றால் கத்துகிறவரை அடக்க வழக்கமாகப் போடும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் அந்த வகை நோயாளிகளுக்கு உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

அந்த நிமிடத்தில் என்ன பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். வாதாடாதீர்கள். "நான் எதுக்குங்க எடுக்கப் போறேன்" என்று அண்ணி நிரூபிக்க ஆரம்பித்தால், அப்பா விட மாட்டார், தோற்கவும் மாட்டார். அதற்காக "ஆமாம், எடுத்துட்டேன்" என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். "பணத்தைக் காணோமா? அய்யோ, வாங்க தேடலாம்" என்று கூடவே எழுந்து தேடுங்கள். அவர் வழக்கமாக ஒளித்து வைக்கும் மூன்று நான்கு இடம் உங்களுக்கே பழகிவிடும். சில நூறு ரூபாய் போட்ட ஒரு பர்ஸை எப்போதும் அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைப்பது பல வீடுகளில் வேலை செய்கிறது. அம்மாவைக் கேள்வி கேட்கும்போது அம்மா சொல்லவேண்டியது ஒன்றுதான்: "நான் உங்களோடதான் இருக்கேன், எங்கயும் போகல." சொல்லிவிட்டு அந்த அறையை விட்டு வந்துவிடட்டும். இரண்டு நிமிடம் கழித்து வேறு யாராவது காபியோடு உள்ளே போகட்டும். நடந்ததை அவர் மறந்துவிடுவார், ஆனால் நடந்தபோது வந்த கோபமோ பயமோ காரணம் தெரியாமலே வெகு நேரம் நிற்கும். சோதனைகளில் பார்த்து உறுதிசெய்த விஷயம் இது. காலையில் நடந்த சண்டைக்கு அவர் மத்தியானம் சோறு வேண்டாம் என்பதன் கணக்கு இதுதான். அதே வழியில் நல்லதும் நிற்கிறது.

சாயங்காலம் "ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்று சட்டை மாட்டிக்கொள்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். ரிட்டயர் ஆகி இத்தனை வருஷமாச்சே என்று புரியவைக்கப் பார்க்காதீர்கள். "சரி, வாங்க" என்று கூடவே தெருமுனை வரை நடந்து, வேலையைப் பற்றி ஏதாவது கேட்டுக்கொண்டே ஒரு சுற்று சுற்றித் திரும்புங்கள். இப்படிப் பேசுவது பொய் சொல்வதுதானே என்று சிலர் என்னிடம் சண்டை போடுவார்கள். எனக்கு அதில் பெரிய உறுத்தல் இல்லை. பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும். எதிர்வீட்டார், முனைக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவர்கள் எல்லாருக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். மறைத்து வைப்பதில் லாபமே கிடையாது.

மாத்திரைக்கு வருகிறேன். கோபத்துக்கென்று தனி மாத்திரை இல்லை. டோனெபெசில், மெமாண்டின் சிலருக்குக் கொஞ்சம் உதவும், அற்புதம் எதிர்பார்க்கக் கூடாது. ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் போன்ற மனநோய் மருந்துகளை டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்குக் கொடுத்தால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்தது. அதனால் கொடுக்கவே கூடாது என்றில்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில், குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு டாக்டர்கள் கொடுப்பார்கள், அப்போது அது தேவையும்கூட. என் குறை வேறு: எப்போது நிறுத்துவது என்று யாரும் கேட்பதில்லை. மூன்று மாதத்துக்கு எழுதிய சீட்டை வைத்து மூன்று வருடம் வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. எழுதித் தரும் அன்றே "எப்ப மறுபடி பார்த்துக் குறைக்கணும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அல்பிரஸோலம் மாதிரித் தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், விழுவதும் குழப்பமும்தான் மிஞ்சும். வலியை யாரும் யோசிப்பதில்லை. 2011இல் வெளிவந்த நார்வே ஆய்வு ஒன்றில், முதியோர் இல்லங்களில் இருந்த டிமென்ஷியா நோயாளிகளுக்கு முறையாக வலி மருந்து கொடுத்தபோது ஆவேசம் குறைந்தது. பெரும்பாலானவர்களுக்குக் கொடுத்தது வெறும் பாராசிட்டமால்தான். முழங்கால், பல், இடுப்பு எங்கேயாவது வலித்தாலும் உங்கள் அப்பாவுக்கு அதை வலி என்று சொல்லத் தெரியாமல் போயிருக்கலாம். குளிக்கக் கூப்பிட்டால் மட்டும் அடிக்க வருகிறார் என்றால், அங்கிருந்து தேட ஆரம்பியுங்கள்.

எங்கே போவது? ரயில்வே ஓய்வூதியர் மருத்துவ அட்டை இருந்தால் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை வீட்டுக்குப் பக்கம், அந்தப் பத்து நாள் விஷயத்துக்கு முதலில் அங்கேயே போகலாம். சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவு உண்டு; நாட்டிலேயே முன்னோடியான பிரிவு அது. கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. நடத்தை மாற்றங்களுக்கு, குறிப்பாகக் குடும்பத்துக்கு வழிகாட்ட, அண்ணா நகர் பக்கம் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனத்தின் டிமென்ஷியா சேவை. எந்த நாள், எத்தனை மணி என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள், இவரை வைத்துக்கொண்டு வரிசையில் காத்திருப்பது உங்களுக்குத்தான் தண்டனை. நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, தமிழிலேயே பேசலாம். முதியோர் உதவி எண் 14567.

கடைசியாக, அம்மாவைக் கொஞ்ச நாள் உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா, அப்பாவை விட்டுவிட்டு ஓடியதாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டிக்கொண்டு போங்கள். அப்பாவின் உடம்பைப் பரிசோதித்து அந்த ராத்திரிக் கூத்து அடங்கிய பிறகு, நான்கைந்து நாள் போதும். எழுபது வயதில் ராத்திரி முழுக்க விழித்திருந்து, பகலெல்லாம் பேச்சும் கேட்கிற ஒருவருக்கு முதலில் வேண்டியது தூக்கம். அம்மா இல்லாதபோது அப்பா தேடுவார், சந்தேகமும் கூடலாம், அண்ணன் தயாராக இருக்கட்டும். எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லுங்கள், "பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காங்க, ஞாயித்துக்கிழமை வருவாங்க" என்று. திரும்பி வந்ததும் அம்மாவின் படுக்கையை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள், உள்ளே தாழ்ப்பாள் இருக்கும் அறையாக. கைத்தடி, அரிவாள்மனை, கத்தரிக்கோல் அவர் கண்ணில் படாத இடத்துக்குப் போகட்டும். அவர் கை ஓங்கிய நாளில் அம்மா சமாதானம் பேசிக்கொண்டு நிற்க வேண்டாம். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு அண்ணனைக் கூப்பிடட்டும். இதை அண்ணன் வாயாலேயே அம்மாவிடம் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் "எனக்குத் தெரியாதாடி" என்றுவிடுவார்.